சோதனைக் கொள்முதல்

தம்புச் செட்டி தெருவில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்,
ஒரு வக்கீல் அலுவலகம்.
போலிகளை விலை கொடுத்து வாங்குவது
அங்கே என் உத்தியோகம்.

அலுவலகப் பெயரில் கேட்டால் நல்ல சரக்கு வந்துவிடும்.
அதனால்
கோமளா ராகவன் பெயரில் ஷாம்பு,
அப்துல் ரவூப் பெயரில் ஷூ,
பெ. சிகாமணி பெயரில் குக்கருக்கு கேஸ்கட்.
பதினோரு பெயர்கள், பதினோரு எண்கள்.
பதினோரு பேருக்கும் அயனாவரத்தில்
ஒரே மாடிப்படி, தலையில் இடிக்கும் ஒரே நிலை.

பார்சல் கொண்டுவரும் டில்லிபாபு
முதல் மாதம் ஒரு மாதிரிப் பார்த்தான்.
இப்போது கீழ்ப்படியிலிருந்தே கத்துகிறான்:
"இன்னிக்கு யாரு சார் நீ?"
ஓடிபி சொல்கிறேன்.
நாலு இலக்கம் சொல்லி முடிக்கும்வரை
நான் ரவூப்.

பிரிப்பதை வீடியோ எடுக்க வேண்டும்,
கத்தரிக்கோல் தெரிய, அன்றைய பேப்பர் தெரிய.
அப்புறம் மூக்குக்கு வேலை.
போலி ஷூவில் பஞ்சர் கடை வாசனை அடிக்கும்.
தையலை எண்ணுவேன்.
அங்குலத்துக்கு எட்டு என்றால் அசல்.
ஆறு என்றால் எனக்குச் சோறு.

கொடுங்கையூர் தலைமுடி எண்ணெய்தான்
என்னைத் திணறடித்தது.
அதே பச்சை பாட்டில், அதே மூடி, அதே மருதாணி நெடி.
லேபிள்மேல் லேபிள் வைத்து
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.
மயிரிழை விலகவில்லை.
மூன்று நாள் போனது.
நாலாம் நாள், டீ ஆறுவதற்குள்,
ஒன்றாம் வகுப்புப் பையனைப்போல
எழுத்துக்கூட்டிப் படித்தேன்:

போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்.

பெரிய ற.

அசல் கம்பெனி நாற்பது வருஷமாக
ஏமாராதீர்கள் என்றே அச்சடிக்கிறது.
ஊரே தலையில் தேய்த்துக்கொண்ட பிழை.
அந்தப் பிழை இல்லாததால்
அகப்பட்டது போலி.

ரெய்டுக்கு நானும் போனேன், அடையாளம் காட்ட.
தகரக் கூரை. நீல டிரம். புனல்.
முதலாளி இல்லை. அவர்கள் இருப்பதில்லை.
மூடி திருகிக்கொண்டிருந்தவள் பெயர் பூங்காவனம்.
"லேபிள் யாரு போட்டது?" என்றார் இன்ஸ்பெக்டர்.
"கம்ப்யூட்டர் கடைப் பையன் சார்.
சின்ன ர போட்டு எடுத்தாந்தான்.
தப்புடா, மாத்துடான்னு நான்தான் திருப்பி அனுப்சேன்.
பத்தாவதுல தமிழ்ல தொண்ணூத்தியொண்ணு சார் நானு."
அதைச் சொல்லும்போது மட்டும்
எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

மகஜரில் கையெழுத்து வாங்கினார்கள்.
படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டாள்.
"ரெண்டு எடத்துல ஒற்று வுட்டுப்போச்சி சார்" என்றாள்.
ஜீப் ஏறும்போது யாரும் சிரிக்கவில்லை.

இதைப் பிரமாணப் பத்திரத்தில் எப்படி எழுத?
'எதிர்மனுதாரர் சரக்கில் எழுத்து சரியாக இருப்பதால்
அது போலியென உறுதியாகிறது.'
சீனியர் இரண்டு முறை படித்தார். அடிக்கவில்லை.
கீழே என் பெயரை எழுத வேண்டிய இடத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.
எத்திராஜ்.
ஆமாம், எத்திராஜ்தான்.

தீபாவளிக்கு முந்தின வாரம்
எனக்கென்று ஒரு சட்டை போட்டேன் ஆர்டர்.
சொந்த எண், சொந்தப் பெயர்.
நாலு நாளாக வரவில்லை. செயலியைத் திறந்தால்,
இந்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லை.

டில்லிபாபுவுக்கு போன் அடித்தேன்.
பின்னால் பஸ் ஹார்ன், மழை.
"எத்திராஜா? அது யாரு சார்?
உன் வீட்டு ஆளுங்க பதினோரு பேரும் எனக்கு மனப்பாடம்.
இவன் புதுசா இருந்தான்.
எவனோ டூப்ளிகேட்டுன்னு திருப்பிவுட்டேன்."

நான்தாண்டா அது, என்றேன்.

கொஞ்ச நேரம் மழை மட்டும் கேட்டது.

"சரி, நாளைக்கு எடுத்தாறேன்.
ஆதார் கையில வெச்சிக்க."