மெய்க்கு அரை மாத்திரை

மாதத்தின் முதல் செவ்வாய், காலை ஆறேகால்
முக்கூடல் வண்டியைப் பிடித்துவிட்டால்
பாளையங்கோட்டை பாலிகிளினிக்கில்
பதினெட்டாம் டோக்கன் கிடைக்கும்.
பிந்தினால் நாற்பது.

வெள்ளை அட்டையைக் கண்ணாடிக்குள் நீட்டுகிறேன்.
பெயர், எண், பதவி நாயக்.
பெருவிரல் கேட்கும் கருவி
கூட்டுறவுச் சங்கத்தில் யூரியா மூட்டை தூக்கித்
தேய்ந்த ரேகையை
மூன்றாம் தரம்தான் நம்பும்.

ரத்தக் கொதிப்புக்கு முப்பது மாத்திரை.
சில மாதம் சீட்டில் சிவப்பு மையில்
'இருப்பில் இல்லை'.
நிதி வரவில்லை என்பார் மருந்து கொடுப்பவர்,
மழை வரவில்லை என்பதுபோல்,
யாரையும் குறை சொல்லாமல்.

ஊர் திரும்பிப்
பாக்குவெட்டியில் வைத்து ஒவ்வொன்றாய் நறுக்குவேன்.
முப்பது அறுபதாகும்.
பாதி எனக்கு, பாதி பலவேசத்துக்கு.

ஒரே காலை, ஒரே மைதானம்,
சட்டையில்லாமல் வரிசையில் நின்றோம்.
என் நெஞ்சை அளந்த நாடாதான் அவன் நெஞ்சையும் அளந்தது.
அவனுக்கு ஒரு விரற்கடை அகலம்.
பனியில் கறுத்து வெட்டியதும் அவன் கால்விரல்தான், இரண்டு.
எனக்கு ஜலதோஷம்கூட இல்லை.

பதினாலு வருசம், ஆறு மாசம், பத்தொன்பது நாள்.
அதோடு அவன் கணக்கு நின்றது.
ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில்
தலைப்பிள்ளையோடு பொண்டாட்டி இழுத்துக்கொண்டு கிடந்தாள்.
லீவு கேட்டான், இல்லை என்றார்கள்.
'சொந்த விருப்பத்தின் பேரில்' என்று
அவர்களே தட்டச்சிட்ட தாளில்
அவன் கையெழுத்து.

பதினைந்துக்கு ஐந்து மாசம் பதினோரு நாள் குறை.
அதனால் பென்ஷன் இல்லை.
பென்ஷன் இல்லாததால் அட்டை இல்லை.
ஏடிஎம் வாசலில் காவல் நின்றபடி மூன்று மனு எழுதினான்.
ஒன்றுக்குப் பதில் வந்தது:
குறைவை மன்னிக்க விதியில் இடமில்லை.
இரண்டு தரம் வாசித்துவிட்டு
மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.
"மன்னிக்கிற அளவுக்கு நான் என்ன வே செஞ்சேன்?"

மெய்க்கு அரை மாத்திரை என்று
ஆறாம் வகுப்பில் ஒப்பித்தோம்.
எந்த மெய் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

பாக்குவெட்டியில் ஒட்டிய வெள்ளைப் பொடியை
வடிவுதான் முதலில் பார்த்தாள்.
நாலு நாள் பேசவில்லை.
ஐந்தாம் நாள், குழம்பை ஊற்றிக்கொண்டே,
"ஒண்ணு நீங்க முழுசாப் போடுங்க,
இல்ல அவுகளுக்கு முழுசாக் குடுங்க.
ரெண்டு கழுத்துலயும் பாதித் தாலியா தொங்குது."

நூற்றெழுபதுக்கு நூறு என்றார் டாக்டர்.
"மாத்திரை ஒழுங்காப் போடுதீயளா?"
"ஒருநாளும் தவறல சார்."
பொய் இல்லை அது.

பங்குனியில் ஒரு ராத்திரி நெஞ்சு அடைத்தது.
பலவேசம் பைக்கில் நடுவில் நான்,
பின்னால் பிடித்துக்கொண்டு வடிவு,
வண்ணாரப்பேட்டை வரை.
பட்டியலில் இருக்கிற ஆஸ்பத்திரிதான்.
அட்டையைத் திருப்பிப் பார்த்தாள் கவுண்டரில் இருந்த பெண்.
"இப்ப இதுல அட்மிஷன் எடுக்கறதில்ல சார்.
எட்டு மாச பில்லு கவர்மெண்ட் பாக்கி.
முன்பணம் கட்டுங்க, அப்புறமா எழுதி வாங்கிக்கலாம்."

வடிவு வளையலைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.
எனக்கு மூச்சு வாங்கியது,
அவனுக்குச் சிரிப்பு.
"பதினேழு வருசம் ஓட்டி என்னத்த கண்ட?
கடைசியில நம்ம பெஞ்சுக்குத்தான வே வந்திருக்க."

ஒப்புதல் தாளில் உறவு என்றொரு கட்டம்.
நண்பர் என்று போட்டால் செல்லாதாம்.
சகோதரன் என்று எழுதினான்.
நல்லவேளை,
அப்பா பெயர் கேட்கும் கட்டம் அதில் இல்லை.

சித்திரை முதல் செவ்வாய் இருபத்திரண்டாம் டோக்கன்.
முப்பதும் கிடைத்தது.
பாக்குவெட்டியை வடிவு ஒளித்துவைத்திருக்கிறாள்,
அரிசிப் பானைக்குப் பின்னால்.
எனக்குத் தெரியும் என்பது
அவளுக்கும் தெரியும்.