வாய்மூடிய படங்கள்

"வேற படம் இல்லையாம்மா?"
ஸ்டுடியோ பையன் கேட்கிறான்.
மஞ்சள் பையில் பதினோரு படம் கொண்டுவந்திருக்கிறேன்.
ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை,
தக்காளி மண்டியில் கொடுத்த அடையாள அட்டை,
பெரியவள் காதுகுத்து, சின்னவள் சடங்கு.
எல்லாவற்றிலும் உதட்டைத் தைத்தாற்போல்
நிற்கிறார் மாதையன்.

"ரொம்பக் கோவக்காரரா?"
கோபமில்லை தம்பி.
பல்.

பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் ஊர்
போர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு வாய்த்த பல்.
புளியங்கொட்டை நிறத்தில் பட்டை பட்டையாய்.
பெண் பார்க்க வந்த அன்று
காபி டம்ளரை மூக்குவரை தூக்கிப் பிடித்தபடியே
பேசி முடித்தார்.
நான் முந்தானையை வாயிலிருந்து எடுக்கவில்லை.
வெட்கம் என்று எழுதிக்கொண்டார்கள் பெரியவர்கள்.
இரண்டு பேரும் சிரிக்காமலே
தேதி குறித்தாயிற்று.

பெரியவள் பிறந்து நாற்பதாம் நாள்
ஊசி போட வந்த நர்ஸம்மா
படியிறங்கும்போது ஒரு வார்த்தை சொன்னாள்:
தண்ணிய மாத்துங்க, இல்லேன்னா இதுக்கும் வரும்.

ராத்திரி இரண்டரைக்கு எழுந்து
மண்டியில் பெட்டி பெட்டியாய் எடைபோட்டு
வெயில் ஏறினபின்
எக்ஸெல் வண்டியின் இருபுறமும் கேனைக் கட்டி
ஏழு கிலோமீட்டர்.
மலையடியில் ஒரு கிணறு.
கிணற்றுக்காரருக்கு வருஷத்துக்கு ஒரு மூட்டை கேழ்வரகு.
தக்காளி கிலோ இரண்டு ரூபாய்க்கு விழுந்து
ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போன வாரத்திலும்
கேன் காலியாக வீடு வந்ததில்லை.
பதினெட்டு வருஷம்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற அன்று
பிள்ளைகளை வாசல் வெயிலில் நிறுத்துவார்.
"ஈ சொல்லு."
காய்க்குத் தரம் பார்க்கிற அதே கண்ணால்
ஒவ்வொரு பல்லாய்ப் பார்ப்பார்.
ஒன்றும் சொல்லமாட்டார்.
போய் வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றுவார்.

இரண்டே கேன். நாலு உயிர். களி கிண்ட, சோறு வடிக்க.
எப்படிக் காணும் என்று
எனக்குத் தோன்றவே இல்லை.
சொம்பை நீட்டினால்
"மண்டியிலேயே குடிச்சிட்டேன்" என்பார்.
முதல் தடவை அப்படிச் சொன்ன ராத்திரி
வாயை மோந்து பார்த்தவள் நான்.

சின்னவள்தான் கண்டுபிடித்தாள்.
பள்ளிக்கூடம் விட்டு வரும்போது
மண்டிக்குப் பின்னால் அடிபம்பில்
கையேந்திக் குடித்துக்கொண்டிருந்தாராம்
அந்தத் தண்ணீரையே.

இருந்தவரை உங்களை நீங்க என்றுதான் சொன்னேன்.
இப்போது சொல்கிறேன்,
பொய்யா,
எத்தனை சொம்பு என்னை ஏமாற்றினாய் நீ.

கடைசி ஆறு வருஷம் கழுத்து திரும்பவில்லை.
எலும்பெல்லாம் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டதாம்,
தருமபுரி பெரியாஸ்பத்திரியில் படத்தை
வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்கள்.
கூப்பிட்டால், காலை மாற்றி வைத்து
முழு ஆளாய்த் திரும்புவார்.
டவுன் பஸ் திரும்புற மாதிரி, என்பாள் சின்னவள்.
உப்பு எங்கே என்று கேட்டதற்கும்
ஒரு மனுஷன் முழுசாய் என் பக்கம் திரும்பினான்.
அது யாருக்குக் கிடைக்கும்.

பன்னிரண்டாவது படம் சின்னவள் செல்போனில்.
ஒகேனக்கல் தண்ணீர் எங்கள் தெருவுக்கு வந்த அன்று
குழாய் முதலில் காற்றாய் இருமி
பிறகு பொளேரென்று அவர் முகத்தில் அடித்தது.
சட்டை நனைந்து, கண் மூடி,
வாய் அத்தனையும் திறந்து
சிரிக்கிறார்.
நாங்கள் யாரும் அதற்குமுன் பார்த்திராத கடைவாய்ப்பல்வரை.

"இது சூப்பர் படம்மா," என்கிறான் பையன்.
"பல்லை மட்டும் வெள்ளை பண்ணிடறேன்,
ரெண்டு நிமிஷம்."
மௌஸ் மேலிருந்த அவன் கையைத்
தட்டிவிட்டேன் போலிருக்கிறது.
சின்னவள் என் தோளைப் பிடித்தாள்.

கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் ஓடியது.

"சரிம்மா. சைஸ் எவ்வளவு?"

எட்ட நின்று பார்த்தாலும்
எண்ண முடிகிற அளவுக்கு, என்றேன்.