தேடுதல் கட்டணம்

குழித்துறை கோர்ட்டில்
நகல் பிரிவு சன்னலுக்கு மூன்று கம்பி.
நடுக்கம்பி மட்டும் பளபளக்கும்
ஆட்கள் பிடித்துப் பிடித்து.

வழக்கு நம்பர்?
தெரியாது சாரே.
வருஷம்?
எனக்க அப்பா பிறக்கதுக்கு முன்ன.
அது வருஷமில்ல, போய்க் கேட்டுட்டு வா.

அண்டி ஆபீஸ் அடைத்துக் கிடந்தது,
கப்பல் வரவில்லை, கொட்டை இல்லை.
எனக்கு நேரம் இருந்தது.
ஏசுவடியானுக்கு இல்லை.
விடிய முன்பே ரப்பர் வெட்டப் போய்
பால் எடுத்து உறையூற்றி
அவன் பஸ் பிடித்து வரும்போது
இந்தச் சன்னல் சாப்பிடப் போயிருக்கும்.
இரண்டு தடவை வந்தானாம்.
நம்பர் இல்லை என்று திரும்பிப் போனானாம்.

எங்கள் விளைக்குள் அவனுக்கு வழி உண்டாம்.
ஒண்ணரைக் கோல் நடவழி.
கேஸ் நடந்ததாம், தீர்ப்பும் ஆச்சாம்.
கடதாசியக் காட்டுல என்றான் எனக்க அண்ணன்,
கம்பிவேலியை முறுக்கிக்கொண்டே.
அப்படி ஒன்று இல்லை என்று
எழுதி வாங்கிவரத்தான்
என்னை அனுப்பினான்.

நாலாவது வாரம்
ரெக்கார்டு ரூம் சுசீலன் மனமிரங்கி
பழைய ரெஜிஸ்தரை இறக்கினார்.
பாச்சை உருண்டையும் மழையும் சேர்ந்த வாசம்.
கொல்லம் ஆண்டு. மலையாளம்.
தொடாத, என்றார் என் விரலைப் பார்த்து.
அண்டித் தோட்டின் கறுப்பு
சோப்புக்குப் போகாது என்று
நான் சொல்லவில்லை.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்
ஸ்கூலில் நின்றதுபோல.

நம்பர் கிடைத்தது.
கட்டு கிடைக்க இன்னும் ஒன்பது நாள்.
சாட்சிகள் சொன்னதெல்லாம்
எப்பவோ சட்டப்படி எரிச்சாச்சு,
விதி மட்டும்தான் மிச்சம் என்றார்.
மலையாளத்தில் தீர்ப்புக்கு அதுதான் பேர்.

வாசலில் டைப்பு மிஷினோடு இருக்கும்
பாகுலேயனை உள்ளே கூப்பிட்டு
வாசிக்கச் சொன்னோம்.
ஆயிரத்து நூற்றுப் பத்தொன்பது, மகரம் பன்னிரண்டு.
அந்நியாயக்காரன், இஸ்ரவேல்.
நான் சிரித்துவிட்டேன்.
பாத்தீங்களா, அப்பவே எழுதி வச்சிருக்கு,
ஏசுவடியானுக்க பாட்டா அநியாயக்காரன்னு.
பாகுலேயன் கண்ணாடியைக் கழற்றினார்.
கேஸ் கொடுத்தவனுக்கு எங்க மொழியில அதாக்கும் பேர், மோளே.
அநியாயம் நடந்தவன்.

பிறகு ஒரு வரி தள்ளி
பிரதி, அருமைநாயகம்.

அது எங்கள் பாட்டா.
பிரதி என்றால்?
அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.
குற்றம் சாட்டப்பட்டவன்.

பிரதி வாங்க வந்தவள் நான்.

வேலியை எட்டு நாளுக்குள் பிரிக்க வேண்டும்.
பிரித்ததாக ஓரத்தில் ஆமீன் கையெழுத்து.
முள்முருங்கைக் கம்பு அறுபத்துமூன்று, என்று எண்ணிக்கூட வைத்திருக்கிறான்.
அந்தக் கம்புகள் பிறகு என்ன ஆயின என்று
எழுதவில்லை.

யாருமே பார்த்திராத கட்டு.
நம்பர் தெரிந்தது எனக்கு மட்டும்.
சுசீலன் ஏற்கெனவே முடிச்சுப் போடத் தொடங்கிவிட்டார்.
இல்லை என்று போய்ச் சொன்னாலும்
நம்ப அண்ணன் இருக்கிறான்,
தேடி வர ஏசுவடியானுக்கு
ஒரு பகல் இல்லை.

சன்னலில் மனுத்தாள் நீட்டினார்கள்.
என்ன தேவைக்கு என்றொரு கட்டம்.
வழி, என்று எழுதினேன்.
எத்தனை பிரதி?
முந்தானை முடிச்சில் நூற்றுப் பத்து ரூபாய்.
பஸ்ஸுக்குப் பதினெட்டு.
ஸ்டாம்பின் விலையை மனசுக்குள் கூட்டினேன்,
தப்பாகக் கூட்டி
மறுபடி கூட்டினேன்.

ரெண்டு, என்றேன்.
எதுக்கு ரெண்டு என்று
அவர் கேட்டிருந்தால்
என்ன சொல்லியிருப்பேனோ.
ஸ்டாம்பை நாக்கில் நனைத்து ஒட்டினேன்.
ஒன்றின் ஓரத்தில்
என் விரல் பதிந்துபோயிற்று.