அமத்தாத விரல்

தங்கூசி அறுத்த நாளிலிருந்து
என் வலக்கைப் பெருவிரல் ஒரு விருந்தாளி.
சாப்பாட்டுக்கு வரும்.
வேலை என்றால் எழும்பாது.

நாலுசில்லு வண்டியின் திறொட்டிலோ
பெருவிரலுக்கென்றே பிறந்த சின்ன நாக்கு.
அதை அமத்த ஆளில்லை என்றால்
பொத்துவிலுக்கும் கோமாரிக்கும் இடையில்
நிற்பது வெறும் சிவப்பு இரும்பு.

உவைஸ் நானாவின் கராஜில்
மூன்று ஹாண்டில்கள் கம்பியில் தொங்கின.
ஆட்டுக்கொம்பு மாதிரி என்று எழுத வருகிறது,
வேண்டாம், அவை ஹாண்டில்கள்தான்.
ஒன்று பழைய உருக்கு, யாரோ விழுந்து வளைத்து
யாரோ நிமிர்த்தியது.
ஒன்று தாழ்ந்தது, பந்தயக்காரருக்கு.
மூன்றாவது அலுமினியம், நடுவில் தடிப்பு,
குறுக்குக் கம்பி கிடையாது,
அதற்குக் கிளாம்பும் புதிதாக வாங்க வேண்டும்.
விலை கேட்டேன். வெளியே பார்த்தேன்.
வெளியே வெயில்.

"நிண்டு ஓட்டுறயா, இருந்து ஓட்டுறயா?"
மணல்மேட்டில் யார் நானா இருப்பது?
"அப்ப இந்தத் தாழ்ந்த சாமான்
உன்ர முதுகைத் திண்டுரும்."
கண்ணை மூடி நிற்கச் சொன்னார்.
இல்லாத ஹாண்டிலை இரண்டு கையாலும் பிடிக்கச் சொன்னார்.
பிடித்தேன்.
கைகளுக்கு இடையில் நாடா பிடித்தார்,
பென்சிலைக் காதில் செருகினார்,
அலுமினியத்தில் பக்கத்துக்கு ஒரு விரல் அகலம்
வாளால் அறுத்தார்.
மீதிக் காசு நெல் வெட்டின பிறகு.

முதலில் முறுக்குத் திறொட்டில் போட்டோம்,
மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோல்.
கொட்டுக்கல் பக்கம், கடலைப் பார்த்த மேட்டில்
ஏறும்வரை எல்லாம் சரி.
உச்சியில் வண்டி துள்ளியது.
உடம்பு பின்னுக்குப் போனது,
உடம்போடு கை போனது,
கையோடு திறொட்டில் திறந்தது.
விழாமல் இருக்கப் பிடித்த பிடியே
வேகம் ஆனது.
பயந்து இன்னும் இறுக்கினேன், இன்னும் பாய்ந்தது.
தாழம்பற்றைக்குள் நானும் அதுவும்
கொஞ்ச நேரம் பேசாமல் கிடந்தோம்.

பழைய நாக்கையே திரும்பப் பூட்டினார் நானா.
நான் வண்டியை விற்கும் கணக்கில் இருந்தேன்.
விற்கிற வண்டிக்கும் கைப்பிடி வேணுமே என்று
றபர் உறைகளை மேசையில் பரப்பினார்.
தடித்தது என் கைக்குள் அடங்கவில்லை.
வழுவழுப்பானது வியர்வைக்கு ஆகாது.
வலைக்கண் மாதிரிப் பள்ளம் விழுந்த மெல்லிசு ஒன்று
உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது.
ஆனால் குழாய்க்குள் ஏற மறுத்தது.
சவர்க்காரத் தண்ணி போட்டால் ஏறும்,
பிறகு சுழலும்.

ஜெஸீலா ராத்தா அப்போதுதான்
அக்கரைப்பற்றில் ஒரு மணப்பெண்ணைச் சோடித்துவிட்டு
பையோடு வந்து இறங்கினார்.
"தள்ளுங்க" என்றார்.
ஹெயர் ஸ்பிரே எடுத்தார், றபருக்குள் அடித்தார்.
வழுக்கிக்கொண்டு ஏறியது. காய்ந்ததும் இறுகியது.

நானா றபரைப் பார்க்கவில்லை.
போத்தலின் தலையில் இருந்த
ராத்தாவின் சுட்டுவிரலைப் பார்த்தார்.
"இன்னொருக்கா அமத்து."
"விசரா உங்களுக்கு? காசு குடுத்து வாங்கின சாமான்."
"அமத்தன் கா."

இரண்டு ஆணி கழன்றது.
பெட்டி திரும்பியது.
பின்னால் இருந்த நாக்கு முன்னால் வந்தது,
இழுத்தால் ஓட, விட்டால் நிற்க.
கேபிள் நீளம் காணவில்லை, புதுக் கேபிள்.
சுட்டுவிரலுக்கு ஓட்டம்,
நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் பிறேக்.
எஞ்சின் ஓட ஓட ஹாண்டிலை
இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஒடித்துப் பார்த்தார்,
இரைச்சல் ஏறுகிறதா என்று.
ஏறவில்லை.
உறையின் மேல் மெல்லிய கம்பி சுற்றி
நுனியை உள்ளே மடித்தார்.

இரண்டு நாள் என் வலக்கையில்
யாரோ ஒரு மணப்பெண்ணின் வாசம்.
வீட்டில் விளக்கம் சொல்லக் கஷ்டப்பட்டேன்.

பெருவிரல் இப்போது றபரின் கீழே
சும்மா வளைந்து கிடக்கிறது,
பிடிக்க மட்டும்.

அறுகம்பையில் சில பேர் கேட்பார்கள்,
ஒரு ரவுண்ட் தரச்சொல்லி.
ஏறி இருப்பார்கள். பெருவிரல்
பழக்கமான இடத்தில் நாக்கைத் தேடும்,
தடவும், இன்னும் தேடும்.
கொஞ்ச நேரம் நான் ஒன்றும் சொல்வதில்லை.