பஸ்ஸுக்கு எந்தப் ப

முதலாம் தவணை, ஐந்தாம் கிழமை.
ஜம்பட்டா வீதியில் தண்ணீர் பவுசர் நின்று இரைகிறது.
அதற்கு மேலால்
நான் ப சொல்லிக் கொடுக்கிறேன்.

மூடி தொலைந்த பெட்டி, என்கிறேன்.
இடப்பக்கம் இறங்கு, தரையில் நட, வலப்பக்கம் ஏறு.
முப்பத்தொரு விரல்கள் காற்றில் இறங்கி நடக்கின்றன.
ஒன்று மட்டும் ஏறாமல் மூக்குக்குள் போகிறது.

பல். படம். பழம்.
உதட்டை ஒட்டு, சட்டென்று விடு.

ஹம்தான் கையை உயர்த்தாமலே எழும்பினான்.
அவனுடைய வாப்பா 155இல் கொண்டக்டர்.
"பஸ்ஸுக்கு எந்தப் ப டீச்சர்?"

இதே ப தான்.

"இல்ல டீச்சர், இது பல்லுட ப.
பஸ்ஸுட ப தொண்டைக்குள்ள உறுமுது."
கழுத்தைப் பிடித்து உறுமிக் காட்டினான்,
எஞ்சின் சூடாகும் வரை விடவில்லை.

பிறகென்ன, வகுப்பு முழுக்கக் கழுத்தில் கை.
பல்: சும்மா இருக்கிறது.
பஸ்: அதிர்கிறது.
பாண்: சும்மா.
பட்டர்: அதிர்கிறது!
ஒரே காலைச் சாப்பாட்டில் இரண்டும்.
ஜன்னலால் எட்டிப் பார்த்த அதிபர்
பிள்ளைகள் தங்களைத் தாங்களே நெரிப்பதைக் கண்டு
கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

"சிங்களத்துல ரெண்டு ஈக்காம், நானா சொன்ன.
எங்களுக்கு ஏன் ஒண்டு?"

ஆசிரியர் வழிகாட்டியைப் புரட்டினேன்.
பழத்துக்கு வர்ணம் தீட்டச் சொல்லியிருந்தது.
கலாசாலையில் படித்தது நாக்கு நுனி வரை வந்தது:
மெல்லினத்துக்குப் பின்னால் இப்படி,
இரண்டு உயிருக்கு நடுவில் அப்படி.
பால்பல்லுக்கு அது முறுக்கு.
அந்த விதியிலும் பஸ் ஏறாது,
அது வெளியூரிலிருந்து வந்த வண்டி.

பிறகு பார்ப்போம், என்றேன்.
தெரியாது என்பதை
டீச்சர்மார் அப்படித்தான் எழுத்துக்கூட்டுவோம்.

அன்றைக்கு வசனமும் இருந்தது.
அனோஜிதா சொன்னாள்: அம்மா வேலைக்குப் போச்சு.
போனார், என்று திருத்தினேன்.
அம்மா உயர்திணை, மரியாதையாகச் சொல்ல வேண்டும்.
"அம்மா வேலைக்குப் போனார்," என்று சொல்லிப் பார்த்து
முகத்தைச் சுளித்தாள்.
"அது வேற ஆரோட அம்மாவோ."

இடைவேளையில் ஹம்தான் மேசையடிக்கு வந்தான்,
வாய் நிறையப் பாண், பட்டர்.
"எங்கட ஊடு மாதிரியா டீச்சர்?"
முன்னுக்கு ஒரு கதவுதானாம்.
திரைக்கு இந்தப் பக்கம் இவர்கள்,
அந்தப் பக்கம் சாச்சி ஆக்கள்.
கரண்ட் பில்லும் ஒரே நம்பருக்குத்தான்.
"உள்ளுக்கு ஆர் ஈக்கிறண்டு
கதவப் பாத்தா தெரியாது.
சத்தம் குடுத்தாத்தான்."

வழிகாட்டியின் ஓரத்தில், பழத்துக்குப் பக்கத்தில்,
பென்சிலால் ஒரு கதவு கீறி வைத்தேன்.
திரை கீறத் தெரியவில்லை.

பள்ளி விட்டதும் வாசலைப் பார்த்து
அனோஜிதா கத்தினாள்: அம்மா வந்திச்சு!
நான் சிவப்புப் பேனையை மூடிப் பைக்குள் போட்டேன்.

பஸ்ஸில் இருக்கை இல்லை.
கம்பியைப் பிடித்தபடி
கண்ணாடியில் ஒட்டியிருந்த பெயரை வாசித்தேன்:
பம்பலப்பிட்டி.
முப்பது வருடமாக அங்கேதான் இறங்குகிறேன்,
இதற்குள் நான்கு ப இருப்பதை
இன்றுதான் எண்ணினேன்.
முதல் இரண்டும் உறுமுகின்றனவா?
கடைசி இரண்டும் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு
மூச்சுக் காட்டாமல் இருக்கின்றனவா?
ஒரு கையை விட்டுத் தொண்டையில் வைத்து
மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.
இன்னொரு முறை, கண்ணை மூடி.

பக்கத்தில் இருந்தவர் பதறி எழும்பினார்,
தன் பையைத் தூரமாக இழுத்துக்கொண்டு.
"சத்தி வருதா மிஸ்? இருங்க, இருங்க."

இருந்துகொண்டேன்.