இரண்டு அறிவிப்புகள்

ஜாக்ரெப். மார்ச் இருபத்திரண்டு, ஞாயிறு.
காலை ஆறு இருபத்துநான்குக்கு
முதலில் அலமாரி பேசியது.
பிறகு சுவர்.
பிறகு யார் வீட்டுப் புகைபோக்கியோ
முற்றத்தில் மொத்தமாக வந்து விழுந்தது.

பத்து நாளாக நான் கதவைத் திறந்ததில்லை.
ரொட்டியை வாசலில் வைத்து
மணியடித்துவிட்டு ஓடிவிடுவான் மேல்மாடி தோமிஸ்லாவ்.
எலுமிச்சம்பழத்தைக்கூட சோப்புப் போட்டுக் கழுவினேன்.
"இந்தப் பக்கமே வராதீர்கள்,
உங்களுக்கு இப்போது ஆஸ்பத்திரிதான் ஆபத்து" என்றாள்
சிறுநீரகப் பிரிவுச் செவிலி மிர்யானா,
என் பரிசோதனைத் தேதியை அடித்தபடி.

என் வலது அடிவயிற்றில் ஒருவர் குடியிருக்கிறார்.
ஆண், வயது முப்பத்துநான்கு.
அவ்வளவுதான் சொன்னார்கள்.
அவரை அந்நியர் என்று என் இரத்தம் கண்டுபிடித்துவிடாமலிருக்க
காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும்
வாசல் காவலாளிக்கு மருந்து கொடுத்துத் தூங்கவைக்கிறேன்.
அவன் தூங்கினால்தான் இவர் இருக்கலாம்.
அவன் தூங்கினால் எவரும் வரலாம்.
ஏழு வருடம் ஒழுங்காக நடந்த ஏற்பாடு,
ஊர் இருமத் தொடங்கும்வரை.

மாத்திரைப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
ஒரு காலில்தான் செருப்பு.

தெருவில் எல்லோரும் இருந்தார்கள்.
பத்து நாளாக வெறும் சன்னல்களாக இருந்தவர்கள்
இரவு உடையோடு, பூனையோடு,
ஒருவர் தொலைக்காட்சிப் பெட்டியோடு.
பயந்தால் மனிதர்கள் ஒட்டி நிற்பார்கள்,
ஆடுகளும் அப்படித்தான்.
கீழ்வீட்டு ஸ்லாவிட்சா கைகளை விரித்து
அழுதுகொண்டே வந்தாள்.
முப்பது வருடப் பழக்கம்.
நான் பின்னால் நகர்ந்தேன்.
விரித்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல்
தன்னையே கட்டிக்கொண்டாள்.

தோமிஸ்லாவ் ஒரு கம்பளியைக்
கார்மேல் போட்டுவிட்டுத் தள்ளிப் போனான்.
வியாழக்கிழமை இரவு அவன் இருமியது
கூரை வழியாகக் கேட்டிருந்தது எனக்கு.
நன்றி என்று கத்தினேன்.
கம்பளியை எடுக்கவில்லை.

டிராம் தண்டவாளத்தின் நடுவில் போய் நின்றேன்.
அங்கேதான் ஆளில்லை.
யாருடைய காரிலிருந்தோ வானொலி.
ஒரே குரல், இரண்டு அறிவிப்புகள்:
வீட்டுக்குள் இருக்காதீர்கள்.
வெளியே சேர்ந்து நிற்காதீர்கள்.
பெத்ரோவா தெருப் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து
தாய்மார்களை வெளியே கொண்டுவந்துவிட்டார்களாம்,
நேற்றுப் பிறந்ததுகளையும் போர்வையில் சுற்றி.
காவலாளி இன்னும் வேலைக்குச் சேராத பிள்ளைகள்.
அவர்களிடம் போய் நிற்கவேண்டும் போலிருந்தது,
இரண்டு மீட்டர் தள்ளி.

பனி விழ ஆரம்பித்தது.
அப்போதுதான் எனக்கு மூத்திரம் வந்தது.

சிரிக்காதீர்கள்.
செவ்வாய், வியாழன், சனி
நாலு வருடம் இயந்திரத்தோடு படுத்திருந்தவள் நான்.
அந்த நாலு வருடத்தில் ஒரு சொட்டு கிடையாது.
சினிமா நடுவில் எழுந்து போகிறவர்களைப் பார்த்துப்
பொறாமைப்பட்டிருக்கிறேன்.
குடியிருப்பவர் எந்த அறிவிப்பையும் கேட்கவில்லை.
இராத்திரியெல்லாம் வேலைபார்த்து
முடித்து வைத்திருக்கிறார்.

காபிக்கடை பூட்டியிருந்தது.
மரத்தடியில் குந்த, எனக்கு வயது அறுபத்தொன்று.
படிக்கட்டு முழுக்கச் சுண்ணாம்புத் தூசி.
பழைய சுவர்த் தூசியில் பூஞ்சை இருக்கும்,
எனக்கு ஆகாதவற்றின் பட்டியலில் அதுவும் உண்டு.
முகக்கவசத்தின்மேல் சட்டைக் கையைப் பொத்திக்கொண்டு ஏறினேன்.
"உனக்குப் பைத்தியமா?"
ஸ்லாவிட்சாவின் குரல் இரண்டாம் மாடிவரை வந்தது.

குளியலறைச் சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல்.
அதன் வழியே
அடுத்த வீட்டு விளக்கு தெரிந்தது,
யாரும் அணைக்க நினைக்காத விளக்கு.
உட்கார்ந்தேன்.

ஏழு அடித்து ஒரு நிமிடத்தில் மறுபடி ஆடியது.
கண்ணாடி கழன்று தொட்டிக்குள் விழுந்தது.
கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன், எழுந்திருக்கவில்லை.
அவர் பாட்டுக்குப் பெய்துகொண்டிருந்தார்.

எட்டு மணிக்கு
இன்னும் ஐம்பத்தொன்பது நிமிடம்.