மூன்றாவது துளை

பஞ்சிகாவத்தையில் பேரம் பேசி வாங்கிய அறுவை மெஷின்
ஓட்டோவின் பின்சீட்டில் முழுசாக அமர்ந்து வந்தது.
நான் டிரைவரோடு ஒட்டிக்கொண்டேன், கொட்டாஞ்சேனை வரை.

அதன் பிளக்கில் மூன்று தடித்த உருண்டைக் கால்கள்.
என் சுவரிலோ சதுரத் துளைகள்.

"வெட்டிப்போட்டு சின்னப் பிளக் பூட்டுங்கோ,
எல்லாரும் அப்படித்தான்" என்றார் ஹார்ட்வெயர்க்காரர்.

மேல்துளையை எனக்குத் தெரியும்.
போன் சார்ஜரின் இரண்டு கால் நுழைய
பேனா மூடியால் அமுக்கிக் கதவு திறக்கும் துளை.
அதற்கு வேறு வேலை உண்டென்று
நிஸ்தார் வந்த அன்றுதான் கேள்விப்பட்டேன்.

மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான்.
மெயினை இறக்கினான்.
டெஸ்டரை வைத்தான், எரியவில்லை.
நம்பாமல் இன்னொருமுறை வைத்தான்.
பிறகு பச்சை வயரைப் பிடித்துக்கொண்டு
சுவரோடு சுவராக நடந்தான்,
குசினி மூலைவரை.
அங்கே அது ஒரு துருப்பிடித்த ஆணியில் சுற்றியிருந்தது.
அவ்வளவுதான். அதற்கப்பால் ஒன்றுமில்லை.

மழைக்காலத்தில் பிரிட்ஜ் விரலைக் கிள்ளும்;
ஏழு வருடமாகச் செருப்புப் போட்டுத்தான் திறக்கிறேன்.
பழைய பிரிட்ஜ், குணம் அப்படி என்று நினைத்தேன்.

"அக்கா, மண் வேணும்."

முன்னால் தார். பக்கத்தில் சீமெந்து.
பின்னால் டைல்ஸ், அதற்கடியில் இன்னொரு சீமெந்து.
மாடியிலிருந்து மிஸிஸ் கொரேரா எட்டிப் பார்த்தார்:
"மண்ணா? இங்கேயா? எதுக்கு?"
ஒப்பந்தத்தில் சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்றிருக்கிறது.
செம்புக் கம்பியைப் பற்றி ஒன்றுமில்லை.

உடுப்புத் தோய்க்கும் கல்லருகே
சாப்பாட்டுக் கோப்பை அளவு உடைத்தோம்.
கறுப்பாய், ஈரமாய், கிளிஞ்சல் துண்டுகளோடு
இருந்தது.
கையில் எடுத்து முகர்ந்தேன். கால்வாய் நாற்றம்.
சம்மட்டி இறங்க இறங்கக் கம்பி
யாரோ கீழிருந்து இழுப்பதுபோல் போனது.

மெஷினுக்கென்று தடித்த வயர், தனி பிரேக்கர்,
உருண்டைக் கால்களுக்கு உருண்டைத் துளைகள்.
கடைசியில் ட்ரிப் சுவிட்சின் சின்னப் பொத்தானை அமுக்கினான்.
டக்.
வீடே இருண்டது. மாடியில் நாடகம் பாதியில் நின்று
மிஸிஸ் கொரேரா கத்தினார்.
"நல்லம்" என்றான், சிரித்தபடி.

வீடு மாறினால் மெஷினைத் தூக்கிப் போகலாமாம்,
கம்பியைப் பிடுங்க முடியாதாம்.
கிடக்கட்டும்.

இரவு மழை பிடித்தது.
தண்ணீர் எடுக்கப் போனவள்
வாசலில் செருப்பைப் பார்த்தேன்,
போடவில்லை.